பார்வையற்ற, காது கேளாத மாணவர்களுக்கும் புரியும்படி ஆன்லைன் பாடம் தயாரிப்பது எப்படி?

பிளஸ் ஒன் கணக்கை வீடியோவாகப் போடப்போவதாகவும், பார்வையற்றவர்களும் காது கேளாதவர்களும் அதில் படிப்பார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் பேச்சைக் கவனியுங்கள். "இதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் இப்படி வரும்" என்றால் திரையைப் பார்க்காதவருக்கு எதுவுமே புரியாது. "ஐந்தை வலப்பக்கம் கொண்டுபோனால் மைனஸ் ஐந்து" என்று சொல்லுங்கள். பார்வையுள்ளவர்களுக்கும் இது தெளிவாக இருக்கும்.

அப்புறம் குறிப்புகள். இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் தவறுகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துகள். "அம்மா" என்று அடித்திருந்தால் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) "எம், கே, கே, எச்" என்கிற மாதிரி வாசிக்கும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான யுனிகோடில் அடித்தால் என்விடிஏ என்ற இலவச திரைவாசிப்பானே தமிழாக வாசித்துவிடும். ஸ்கேன் செய்த பக்கங்களும் வேண்டாம், அவை வெறும் படங்கள். வரைபடம் இருந்தால் அது காட்டுவதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

காது கேளாதவர்களுக்கு வசன வரிகள் அவசியம். யூடியூப் தானாகத் தருவதை அப்படியே விடாதீர்கள். கணக்குச் சொற்களில் பிழை வரும், உட்கார்ந்து திருத்துங்கள்.

நீளம்? எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வந்த ஆய்வில், ஆறு நிமிடத்துக்குள் முடிந்தவையே அதிகம் கவனிக்கப்பட்டன. ஒரு வீடியோவுக்கு ஒரு கணக்கு போதும்.