பாரிசவாதம் வந்தவருக்கு மூளையில் கரண்ட் கொடுத்தால் கை திரும்புமா? தலையில் மாட்டுகிற மெஷினை வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் எழுதியிருப்பதன் சுருக்கம்: அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஐந்து மாதத்துக்கு முன் பாரிசவாதம், வலது பக்கம். கால் தேறி, லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடு) சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை மட்டும் தொங்குகிறது. விரல் கொஞ்சம் மடங்குகிறது, ஆனால் நீட்ட முடியவில்லை. கொழும்பில் இருக்கும் அண்ணன் தலையில் மாட்டுகிற மெஷின் ஒன்றை ஒன்லைனில் பார்த்துவிட்டு, ஆளுக்குப் பாதி போட்டு வாங்கலாம் என்கிறாராம்.

வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு வேறு செலவு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் அண்ணன் ஏமாந்துவிட்டார் என்றும் நினைக்காதீர்கள். அவர் பார்த்த விஷயம் நிஜமான ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சி கடைசியில் எங்கே போய் நின்றது என்பதை மெஷின் விற்கிறவன் சொல்லமாட்டான், அவ்வளவுதான்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இப்போது மலையகத்திலேயே ஓர் அரச ஆஸ்பத்திரியில் பிசியோ. கிளினிக் வரிசையில் 'கரண்ட் வைக்கிறது' என்று ஆட்கள் பேசிக்கொள்ளும்போது மூன்று வேறு வேறு விஷயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். நாங்கள் ஆஸ்பத்திரியில் வைப்பது கைக்கு. முன்கையில் பட்டை ஒட்டி, தசையைச் சுருங்க வைத்து, மணிக்கட்டை மேலே எழுப்புவது. அது மூளைக்குப் போகிற கரண்ட் அல்ல. பயனுள்ளதுதான், தோள் மூட்டு இறங்கிப்போகாமல் இருக்கவும் ஆரம்ப மாதங்களில் வைப்போம். இரண்டாவது, மனநோய்க்கு மயக்கம் கொடுத்து வைக்கும் ஷாக். அதில் பாய்வது ஏறக்குறைய 800 மில்லி ஆம்பியர். மூன்றாவதுதான் அண்ணன் பார்த்தது, டி.டி.சி.எஸ் என்பார்கள். அதில் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மட்டும். ஆகவே 'அம்மா தலைக்கு ஷாக் வைக்கப் போறாங்களா' என்று வீட்டில் யாராவது அழுதால், அது இது இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

செய்முறை எளிமையானது. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பொஞ்ச். ஒன்று கையை அசைக்கிற மூளைப் பகுதிக்கு மேலே, மற்றது எதிர்ப்பக்கத்துப் புருவத்துக்கு மேலே. வலது கைக்கு இடது மூளை என்பதால் உங்கள் அம்மாவுக்கு முதல் ஸ்பொஞ்ச் இடது பக்கம் வரும். இருபது நிமிடம் வைத்துக் கழற்றிவிடுவார்கள். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்தில் நிட்சே, பவுலஸ் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் இதைக் காட்டினார்கள்: இந்தச் சின்ன கரண்ட் ஒரு பக்கமாக ஓடினால் மூளையின் அந்தப் பகுதி கொஞ்சம் சுறுசுறுப்பாகிறது, மறுபக்கமாக ஓடினால் அடங்குகிறது, கரண்டை நிறுத்திய பிறகும் சில நிமிடம் அந்த மாற்றம் நிற்கிறது.

இங்கேதான் எல்லோரும் தவறவிடுகிற இடம் இருக்கிறது. அந்தக் கரண்ட் கையை அசைப்பதில்லை. நரம்பணுவைத் தட்டி எழுப்பி வேலை வாங்குகிற அளவுக்கு அது பலமானதே இல்லை. அசைவதற்கு இன்னும் ஒரு படி கிட்டக் கொண்டுபோய் நிறுத்துகிறது, அவ்வளவுதான். பெக்டரியில் கொழுந்தை வாட்டுகிறார்களே, அந்த மாதிரி. வாட்டினால் இலை ரோலரில் உடையாமல் சுருளும். வாட்டிவிட்டு ரோலருக்கு அனுப்பாமலே விட்டால் அது வெறும் வாடின இலை. இங்கே ரோலர் என்பது பயிற்சி. தலையில் மெஷினை மாட்டிக்கொண்டு டிவி பார்க்கிற அம்மாவுக்குக் கை வராது. ஆராய்ச்சி செய்தவர்கள் யாரும் வரும் என்று சொல்லவும் இல்லை.

பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால்? 2016இல் ஒக்ஸ்போர்டில் 24 பேரை வைத்துச் செய்தார்கள். ஒன்பது நாள் கைப் பயிற்சி எல்லோருக்கும். பாதிப் பேருக்கு உண்மையான கரண்ட், மீதிப் பேருக்கு மாட்டிவிட்டு அணைத்துவைத்த மெஷின். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, உண்மையான கரண்ட் வாங்கியவர்கள் பொருள்களைத் தூக்குவதிலும் எடுத்து வைப்பதிலும் மேலாக இருந்தார்கள். அண்ணன் படித்த செய்தி பெரும்பாலும் இதுவாக இருக்கும், ஏனென்றால் அப்போது உலகம் முழுக்க இது செய்தியாக வந்தது. பிறகு அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 129 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தார்கள். ஒரு குழுவுக்கு 2 மில்லி ஆம்பியர், ஒன்றுக்கு 4, ஒன்றுக்குப் போலி. அதன் முடிவு 2025இல் வந்தது: ஆபத்தில்லை, ஆனால் போலியைவிடக் கூடுதலான பலனும் தெரியவில்லை. 24 பேரில் தெரிந்தது 129 பேரில் காணாமல் போய்விட்டது.

காந்தத்தால் மூளையைத் தூண்டுகிற டி.எம்.எஸ் முறைக்கும் கிட்டத்தட்ட இதே கதி. 2018இல் வெளிவந்த ஒரு சோதனையில் 199 பேர், எல்லோரும் பாரிசவாதம் வந்து 3 முதல் 12 மாதத்துக்குள் இருந்தவர்கள். உங்கள் அம்மா நிற்கிற அதே கட்டம். காந்தம் வாங்கியவர்களில் 67 சதவீதம் பேருக்குக் கை நன்றாகத் தேறியது. கேட்டால் அபாரம்! போலி காந்தம் வாங்கியவர்களில் 65 சதவீதம். இரண்டு குழுவுக்கும் பொதுவாக இருந்தது என்ன? ஆறு வாரம் ஆளோடு உட்கார்ந்து செய்யவைத்த கைப் பயிற்சி. எனக்கு மிகவும் பிடித்த தோல்வி இது. மெஷின் தோற்றது, மூன்றில் இரண்டு பேருக்குக் கை தேறியது.

கரண்ட் கொஞ்சம் ஜெயித்த இடமும் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. அது நேராக மூளைக்கு அல்ல, கழுத்தில் போகிற வேகஸ் நரம்புக்கு. அறுவைச் சிகிச்சை செய்து நெஞ்சில் சின்னக் கருவியை வைத்து, கழுத்துக்கு வயர் இழுக்கிறார்கள். நோயாளி கையை அசைக்கிற அந்தக் கணத்தில் பிசியோ பொத்தானை அமுக்குகிறார். அரை விநாடி கரண்ட் போகிறது. 2021இல் வந்த 108 பேர் சோதனையில், 66 புள்ளிக்கு அளக்கிற கை அளவுகோலில் கருவி வேலை செய்தவர்கள் சராசரி 5 புள்ளி ஏறினார்கள், மற்றவர்கள் 2.4. அதே வருடம் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்தது. அங்கேயும் கவனித்துப் பாருங்கள், அசைவு இல்லாமல் பொத்தானுக்கு வேலையே இல்லை.

சரி, மெஷின் ஆபத்தில்லாதது என்றால் சும்மா வாங்கி முயற்சித்தால் என்ன? ஆபத்தில்லை என்று சொன்னது ஆஸ்பத்திரியில், ஆளைச் சோதித்து, இடத்தை அளந்து வைத்தபோது. ஸ்பொஞ்ச் காய்ந்தால் தோல் புண்ணாகும். வாதத்துக்குப் பிறகு ஒருமுறையாவது வலிப்பு வந்திருந்தால், ஒப்பரேஷனில் தலைக்குள் உலோகக் கிளிப் வைத்திருந்தால், மண்டையோட்டைத் திறந்திருந்தால், நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் வைக்கக்கூடாது. எந்தப் பக்கம் வைக்கிறோம் என்று மாறிப்போனால் தேறுகிற பக்கத்தை அடக்கி வைப்பதாகவும் ஆகலாம். 9 வோல்ட் பேட்டரியில் வீட்டிலேயே செய்வது எப்படி என்று வீடியோ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இனி கை. விரல் நீளாமல் மடங்க மட்டும் செய்கிறது என்கிறீர்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு வாதம் வந்த கையாலேயே எல்லாம் செய்யவைக்கிற முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 222 பேரிடம் சோதித்து 2006இல் நல்ல பலன் காட்டியது. ஆனால் அதற்கு மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது மேலே எழும்ப வேண்டும். அம்மா இன்னும் அங்கே வரவில்லை. வராத கையைக் கட்டாயப்படுத்தினால் ஆள் வெறுத்துப்போய் விட்டுவிடுவார்.

அம்மாவுக்கு நான் தொடங்கச் சொல்வது கண்ணாடி. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் கை இழந்தவர்களின் வலிக்காகத் தொண்ணூறுகளில் கொண்டுவந்தது. 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் வாதம் வந்தவர்களிடம் முயன்றார்கள். 2018இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் மீளாய்வு, அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, கையசைவுக்கு இது உதவுகிறது என்றது. பவுடர் போடுகிற கண்ணாடியைவிடக் கொஞ்சம் பெரியது போதும். மேசைக்கு நடுவே நிறுத்தி, வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, இடது கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அசைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் தெரிவது வலது கை நீளுகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் இருக்கிற கையையும் நீட்ட முயல வேண்டும். வளையல், மோதிரம் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூளை கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று. ஒக்ஸ்போர்ட் சோதனையில் செய்யவைத்த கைப் பயிற்சி கனடாவில் உருவான 'கிராஸ்ப்' என்ற தொகுப்பை வைத்தது. அந்தக் கையேடு இணையத்தில் இலவசம். துணி மடிப்பது, கோப்பையை நகர்த்துவது, உடுப்பு கிளிப் போடுவது போல வீட்டுச் சாமான் வைத்துச் செய்கிற வேலைதான். கையின் நிலைக்கு ஏற்ப மூன்று மட்டம் இருக்கும்; அம்மாவுக்கு எது என்று உங்கள் பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விரல் கொஞ்சம் திறக்கத் தொடங்கினால் லயத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு தேயிலைக் கிளையை ஒடித்து மடியில் கொடுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற வேலையை அந்தக் கை பல வருடம் செய்திருக்கிறது. பந்தை அமுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற எங்கள் தோட்டத்து அம்மாக்கள், கொழுந்தைக் கண்டால் தானாகக் கையை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை முறை என்பதுதான் கஷ்டமான பகுதி. வட அமெரிக்காவில் வசதியுள்ள இடங்களிலேயே ஒரு அமர்வில் கை செய்கிற உருப்படியான அசைவு சராசரி 32 என்று 2009இல் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். எங்களிடம் வரிசையில் ஆள் நிற்கும்போது அதுவும் சந்தேகம். மாதத்தில் ஒரு நாள் பஸ் பிடித்து வந்து போவதால் கை வராது. ஒவ்வொரு நாளும் வீட்டில் நடக்க வேண்டும். அதற்கு ஒருவர் வேலைக்குப் போகாமல் பேரை (அன்றைய நாள் கூலியை) இழக்கத் தேவையில்லை. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் போதும். அதோடு, பாவம் என்று சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவதை நிறுத்துங்கள். ரொட்டியை வலது கை அமுக்கிப் பிடிக்கட்டும், இடது கை பிய்க்கட்டும்.

தோள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். லயத்துப் படி செங்குத்து, கக்கூஸ் வெளியே, மழையில் வழுக்கும். ஆளை இறக்கும்போது எல்லோரும் பிடித்து இழுப்பது அந்த வாதக் கையைத்தான். தசை பிடிமானம் இல்லாத தோள் மூட்டு அப்படி இழுத்தால் இறங்கிவிடும். பிறகு வலி, வலியால் பயிற்சி நிற்கும், கை இறுகும். இடுப்பைப் பிடித்து இறக்குங்கள். எண்ணெய் தேய்ப்பது தப்பில்லை, தேய்த்துவிட்டு முறுக்கி இழுப்பதுதான் தப்பு. குளிருக்குக் கை இறுகுகிறது என்று சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பவர்கள், முதலில் நல்ல கையால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த கை சுடுவது தெரியாமலே பொக்களித்துவிடும்.

ஐந்து மாதம் போய்விட்டதே, பிந்திவிட்டதா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். தானாகத் தேறுகிற வேகம் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம், அது உண்மை. ஆனால் அந்த வேகஸ் நரம்புச் சோதனையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்பது மாதம் தாண்டியவர்கள், சிலருக்குப் பல வருடம். பயிற்சி மட்டும் செய்த குழுவும் கொஞ்சம் ஏறியதே.

மெஷின் காசுக்கு வருவோம். முதலில் ஒரு நல்ல பிரஷர் மெஷின் வாங்குங்கள், இரண்டாவது வாதம் வந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மிச்சத்தை அம்மாவைக் கூட்டிப்போய் வரும் செலவுக்கு வையுங்கள். அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம், திகன அல்லது ராகமையில் இருக்கிற புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரமுடியுமா என்று கேளுங்கள். தங்கி, தினமும் பயிற்சி செய்ய வாய்ப்பு அங்கேதான். போகும்போது முதல் நாள் ஸ்கேன் அறிக்கையையும், குடிக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அண்ணனுக்கு லீவு கிடைத்தால் அந்த நாளில் அவரையே கூட வரச் சொல்லுங்கள்.