தேநீர் குடித்தால் இருமல்: பேச்சு சிகிச்சை எதற்கு?

செந்தூல் வாசகி ஒருவர் கேட்கிறார்: “அப்பாவுக்கு வயது 68. மூன்று வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறுகிறது, தேநீர் குடித்தால் இருமுகிறார். பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்கச் சொல்கிறார்கள். இருமலுக்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு? அப்பாவுக்குத் தமிழ்தான் வரும். அந்தச் சிகிச்சையாளருக்கோ தமிழ் தெரியாதாம். போய்ப் பயனுண்டா?”

உண்டு, அம்மா. நாள் கடத்தாதீர்கள். பேசுவதும் விழுங்குவதும் ஒரே நாக்கு, ஒரே தொண்டையின் வேலை. அதனால் விழுங்குவதைச் சோதிப்பதும் பேச்சு சிகிச்சையாளரின் கடமை. தேநீர் வேகமாக இறங்கும். தொண்டைத் தசை தளர்ந்திருந்தால், குரல்வளை மூடுவதற்குள் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். உங்கள் அப்பா இருமுவதால் உங்களுக்குத் தெரிந்தது. சிலருக்கு இருமலே வராது. குடித்தபின் தொண்டையில் நீர் நிற்பதுபோல் குரல் ஒலிப்பதுதான் ஒரே அடையாளமாக இருக்கும். எனக்குப் பெருங்கவலை தருபவர்கள் அவர்கள்தான்.

தேவையானால் எக்ஸ்ரே வீடியோவில் விழுங்குவதைப் பார்ப்பார்கள். உணவு, பானத்தின் பதத்தை 0 முதல் 7 வரையான அனைத்துலக அளவில் குறித்துக் கொடுப்பார்கள். அதற்கு முன் நீங்களாகக் கெட்டியாக்கும் மாவை வாங்கிக் கலக்க வேண்டாம். அதுவரை நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு மிடறாகக் கொடுங்கள். உண்டபின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். உதிரும் வடை, முறுக்கு வேண்டாம். கஞ்சி எளிது என்று நினைப்போம். நீரும் பருக்கையும் பிரிந்து நிற்கும் கஞ்சி பலருக்குக் கடினம். ஒவ்வொரு மிடறுக்கும் இருமினாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தாலோ வாய்வழியே எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மொழிக்கு வருவோம். குழறல் இருவகை. சொல் தெரிந்தும் நாக்கு ஒத்துழைக்காதது ஒன்று. சொல்லே அகப்படாமல் தவிப்பது மற்றொன்று. சிகிச்சை வேறுபடும். எதுவென்று அறிய அவருடைய தமிழையே கேட்டாக வேண்டும். எனவே மொழிபெயர்க்க நீங்கள் உடன் இருங்கள். ஆனால் திருத்திச் சொல்லாதீர்கள். “தண்ணீர்” என்பதற்கு அவர் “கண்ணீர்” என்றால், கண்ணீர் என்றே மொழிபெயர்த்து, இரண்டும் தமிழில் ஓரெழுத்துதான் மாறும் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பிழையில்தான் நோயின் தடயம் இருக்கிறது. வீட்டுப் பயிற்சியும் தமிழிலேயே நடக்கட்டும். பேரப்பிள்ளைகளின் பெயர்கள், அவர் தினமும் சொல்லும் சொற்கள் ஆகியவற்றை எழுதிக் கொண்டுபோங்கள்.

தனியாரிடம் போவதானால், மலேசியாவின் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். அப்பாவின் பல்செட்டையும் மூக்குக்கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.