உங்கள் ஊர் அணி ஆடிய எந்தத் தொடரை இன்றும் மறக்க முடியவில்லை?

2021இல் எங்கள் ஐஸ் ஹொக்கி அணி மொன்றியல் கனேடியன்ஸ் ஆடிய பிளேஓஃப், அதாவது பருவ ஆட்டங்கள் முடிந்தபின் கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள். கிண்ணம் கிடைக்கவில்லை. ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

கோவிட் காரணமாக எல்லை மூடியிருந்ததால், அந்தப் பருவத்தில் கனடாவின் ஏழு அணிகளும் தங்களுக்குள்ளேயே ஆடின. பிளேஓஃபுக்குள் வந்த 16 அணிகளில் ஆகக் குறைந்த புள்ளி எங்களுக்குத்தான், 59. முதல் சுற்றில் எதிரே ரொறன்ரோ. ஒரு சுற்றில் முதலில் நாலு ஆட்டம் வெல்லும் அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகும். இந்த இரண்டு பரம எதிரிகளும் பிளேஓஃபில் மோதி 42 வருடம் ஆகியிருந்தது.

ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸ் பைத்தியம். அவன் வீட்டில் கேபிள். எங்கள் வீட்டில் இணையம் வழியாக வரும் தொலைக்காட்சி, அரை நிமிடம் பிந்தித்தான் காட்டும். அதனால் ரொறன்ரோ கோல் போட்டால், எங்கள் திரையில் பந்து, மன்னிக்கவும், பக் என்ற அந்த ரப்பர் வட்டு வலைக்குள் போகுமுன்னரே அவனுடைய செய்தி வந்துவிடும். நாலு ஆட்டம் முடிய 3-1 என்று பின்னுக்கு நின்றோம். கோல்ஃப் மட்டைப் படம் ஒன்று அனுப்பினான். தோற்றவர்கள் கோல்ஃப் ஆடப் போகலாம் என்பது ஹொக்கிக்காரர்களின் பழைய நக்கல்.

ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் ஆட்டக்காரர்கள் 3-0 என்று முன்னுக்கு நின்று, பிறகு 3-3 ஆக்கவிட்டார்கள். நான் போனை நிறுத்திவிட்டேன். மேலதிக நேரத்தில் முதல் கோல் போடுபவர் வெற்றி, அவ்வளவுதான். 59ஆவது செக்கனில் எங்கள் கோஃபீல்டும் சுசூக்கியும் தனியே ஓடுகிறார்கள். முன்னால் ரொறன்ரோவின் கோல்காப்பாளரைத் தவிர ஒரு குருவி இல்லை. இவன் அவனுக்குக் கொடுக்க, அவன் திருப்பிக் கொடுக்க, சுசூக்கி உள்ளே தள்ளினான். ஆறாவது ஆட்டம் எங்கள் சொந்த அரங்கான பெல் சென்டரில். கோவிட் தொடங்கிய பிறகு கனடாவில் நடந்த என்எச்எல் (வட அமெரிக்க ஹொக்கி லீக்) ஆட்டமொன்றுக்கு ரசிகர்களை விட்டது அதுதான் முதல் தடவை, 2,500 பேர். அந்த 2,500 பேர் போட்ட சத்தம் எனக்கு முழு அரங்கு மாதிரிக் கேட்டது. அதுவும் மேலதிக நேரத்தில் வெற்றி. ஏழாவதும் எங்களுக்கே.

மச்சானிடமிருந்து மூன்று நாள் கழித்து ஒரு சொல் வந்தது: "சரி".

வினிப்பெக்கை நாலுக்கு நாலு வென்றோம். அடுத்தது வேகாஸ். நடுவில் பயிற்சியாளர் டுஷார்முக்கே கோவிட் வந்து, உதவியாளர்தான் அணியை நடத்தினார். ஆறாவது ஆட்டம் யூன் 24, கியூபெக்கின் தேசிய விடுமுறை நாள். தெருவெல்லாம் நீலக் கொடி. 2-2, மேலதிக நேரம். எங்கள் திரையில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆட்டக்காரர்கள் சும்மா நடுவில் நிற்கிறார்கள். திடீரென்று நாங்கள் இருக்கும் கோத் டெ நேஜ் பகுதி முழுதும் கத்துகிறது. கீழ் வீட்டுக்காரர் சட்டி தட்டுகிறார், கார்கள் ஹோர்ன் அடிக்கின்றன. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வரப்போவது என்னவென்று தெரிந்தும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். அப்புறம்தான் லெஹ்கொனன் எங்களுக்காகக் கோல் போட்டான். 1993க்குப் பிறகு முதல் தடவை இறுதிப்போட்டி.

கேரி பிரைஸ் என்ற பெயர் அம்மாவின் வாயில் வராது. "அந்தக் கோல்காரப் பொடியன், கோயில் சிலை மாதிரி நிக்கிறான்" என்பா.

இறுதிப்போட்டியில் எதிரே நின்ற தம்பா எங்களைவிட மேலான அணி, அதை மறுக்க முடியாது. முதல் மூன்றும் போயின. நாலாவதில் மேலதிக நேரத்தில் எங்கள் அண்டர்சன் கோல் போட, தெரு இன்னொரு தடவை எங்களுக்கு முன்னரே கத்தியது. ஐந்தாவது ஆட்டம் தம்பாவில், 1-0 என்று நாங்கள் பின்னுக்கு. கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. யன்னல் திறந்துதான் இருந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

"இன்னும் நேரம் கிடக்குத்தானே" என்றா அம்மா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் திரையில் இன்னும் அரை நிமிடம் இருந்தது.