கண்டங்கள் குழம்புக் கடலில் மிதக்கின்றனவா?

பூமிக்கடியில் எரிமலைக் குழம்பு கடலாகத் தேங்கியிருப்பதால்தான் கண்டங்கள் மிதந்து நகர்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அப்படியொரு கடலே கிடையாது. பூமியின் வெளிப் பாறையடுக்கான மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசம் ஏறக்குறைய முழுவதும் திடப்பாறைதான். ஆனால் அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை மிக மெதுவாக நெளிந்து நகரும். பனியாற்றை நினைத்துப் பாருங்கள்: கட்டிப் பனிதான், ஆனாலும் மலைச்சரிவில் வழிகிறது.

நகர்வது கண்டம் மட்டுமல்ல. மேலோடும் கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்து, சுமார் 100 கிலோமீட்டர் தடிமனுள்ள தட்டாக நகர்கின்றன. கண்டம் அதில் வெறும் பயணி.

இழுப்பது யார் என்பதுதான் சுவையான பகுதி. நடுக்கடல் முகடுகளில், அதாவது கடலடி மலைத்தொடர்களில், புதிதாக உருவாகும் கடற்தரை, முகட்டிலிருந்து விலக விலகக் குளிர்ந்து அடர்த்தியாகிறது. கடைசியில் தன் எடை தாளாமல் ஆழ்கடல் அகழிகளில் கவசத்துக்குள் சரிகிறது. சரியும் முனை பின்னாலிருக்கும் தட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது, மேசை விளிம்பில் நழுவும் துணியைப் போல. ஓரங்களில் நிறைய அகழிகளுள்ள பசிபிக் தட்டு வேகமாக நகர்வதற்கும், அட்லாண்டிக் ஆண்டுக்கு 2 முதல் 5 செ.மீ. மட்டுமே விரிவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

1912இல் ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெக்னர், கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்ற கண்டப் பெயர்ச்சிக் கருத்தை முன்வைத்தபோது, நகர்த்தும் விசையை அவரால் காட்ட முடியவில்லை. பலர் ஏளனம் செய்தார்கள். கடற்தரைப் பாறைகள் உருவானபோது இருந்த பூமியின் காந்தத் திசையை அவற்றில் பதித்து, முகட்டிலிருந்து கடற்தரை விரிவதைக் காட்டிய காந்த வரிகள் 1960களில்தான் அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லின. இன்று ஜிபிஎஸ் கருவிகள் அந்த நகர்வை நேரடியாகவே அளக்கின்றன.