கம்பியில் உட்காராத குருவி

அன்புள்ள அண்ணாச்சி,

கார்த்திகையில் தேரூர் குளத்துக்கரையில் மின்கம்பி நிறையத் தகைவிலான்களைப் பார்த்தேன். எங்கள் விளையில் நிற்கும் பனைகளைச் சுற்றியும் அதேபோல் வால் பிளந்த குருவிகள் பறக்கின்றன. இரண்டும் ஒன்றுதான் என்கிறார் அப்பா. எனக்கென்னவோ நிறம் இடிக்கிறது. ஒன்றுதானா?

தி., ராஜாக்கமங்கலம்

அன்புள்ள தம்பி,

அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்கள் விளையில் பறப்பது பனை உழவாரன். தகைவிலானுக்குச் சொந்தம் என்று பார்த்தால் காக்காயும் தேன்சிட்டும் வரும், உழவாரன் வராது. உழவாரனின் சொந்தம் அமெரிக்கக் கண்டங்களில் இருக்கிறது, ரீங்காரச் சிட்டு. அதுவும் தேன்சிட்டு மாதிரியே பூத்தேன் குடிப்பதுதான் வேடிக்கை. பிழைப்பு ஒன்றானால் உருவமும் ஒத்துப்போய்விடுகிறது. பறந்தபடியே பூச்சி பிடிப்பவை என்பதால் நம் இரண்டு குருவிகளுக்கும் நீண்ட சிறகும் அகன்ற வாயும் தனித்தனியே வந்து சேர்ந்தன.

நிறம் இடிப்பது சரிதான். தகைவிலானுக்கு முதுகு மின்னும் கருநீலம், நெற்றியும் தொண்டையும் செங்காவி. உழவாரன் மொத்தமும் மங்கல் பழுப்பு. ஆனால் வெயிலுக்கு எதிரே பார்த்தால் எல்லாமே கறுப்பு. அப்போது கம்பியைப் பாருங்கள். உழவாரன் அதில் உட்காரவே உட்காராது. அதன் குட்டைக் கால்கள் எதையாவது பிடித்துத் தொங்கத்தான் ஆகும்.

தகைவிலான் விருந்தாளி. இமயமலைப் பக்கமும் அதற்கு வடக்கேயும் மண்ணுருண்டையால் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இங்கே வருகிறது. உழவாரன் உள்ளூர்க்காரன். பனையோலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டி, சின்னக் கிண்ணம்போல ஒரு கூடு. முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டிவைத்துவிடும். நம்மூர்க் காற்றில் ஓலை எப்படி அடித்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒட்டாவிட்டால் முட்டை மணலில்தான் கிடக்கும்.

அப்புறம் ஒரு வேலை. காவோலை வெட்ட ஆள் ஏறினால், வெட்டுமுன் ஓலைக்கு அடியில் ஒருதடவை பார்க்கச் சொல்லுங்கள். கூடு இருந்தால் எனக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பனை நின்றது. இரண்டை நாங்களே வெட்டினோம், கார் நிறுத்த. மிச்சமிருக்கும் ஒன்றில் போன வருடம் உழவாரன் வரவில்லை.