ரோசா பார்க்ஸ் களைப்பால் உட்கார்ந்திருக்கவில்லை

கேள்வி: வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்ததால்தான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் மூண்டது என்று படித்திருக்கிறேன். தற்செயலான ஒரு மறுப்பு, ஓர் ஊரையே ஓராண்டுக்கு மேல் நடக்கவைத்தது எப்படி?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் படித்த கதையில் ரோசா பார்க்ஸின் பெயர் மட்டும் இருக்கிறது, அவருடைய அரசியல் விடுபட்டிருக்கிறது. அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில் 1955 டிசம்பர் 1 அன்று கைதானபோது அவருக்கு வயது 42. அவர் தையல் வேலை பார்த்தது உண்மைதான். ஆனால் கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காடிவந்த என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் மான்ட்கமரி கிளைக்கு அவர் 1943-லேயே செயலாளர் ஆகிவிட்டார். 1944-ல் ஆபவில் என்னும் ஊரில் ரீசி டெய்லர் என்ற இளம்தாயை வெள்ளையர் கும்பல் ஒன்று கடத்திச் சென்று வல்லுறவு செய்தபோது, சங்கத்தின் சார்பில் அங்கே போய் விசாரித்தவர் அவர். அன்று மாலை உடல் களைப்பு எதுவும் தமக்கு இல்லை என்றும், பணிந்து பணிந்து சலித்துப்போனதே காரணம் என்றும் பின்னாளில் அவரே எழுதினார். அப்படியிருந்தும் களைத்த கால்களின் கதையே நிலைத்துவிட்டது என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டு உழைப்பை அது அழித்துவிடுகிறது.

அந்நாளைய மான்ட்கமரி பேருந்தில் முன்வரிசை இருக்கைகள் பத்தும் வெள்ளையருக்கே உரியவை. அவை காலியாக இருந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுகொண்டுதான் வரவேண்டும். முன்வாசலில் ஏறிக் கட்டணம் செலுத்திவிட்டு, கீழே இறங்கிப் பின்வாசலுக்குப் போகச் சொல்வார்கள். அவர்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் வண்டியைக் கிளப்பிவிடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். இந்த அவமானத்தை நாள்தோறும் சுமந்தவர்களில் பெரும்பாலோர், வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் துணி வெளுக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் போன பெண்கள். ஆகவே எதிர்ப்பும் பெண்களிடமிருந்தே தொடங்கியது. 1946-ல் மேரி ஃபேர் பர்க்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் அங்கே பெண்கள் அரசியல் பேரவையைத் தொடங்கினார். அவர் பணிபுரிந்த கல்லூரியில் 1949-ல் வேலைக்குச் சேர்ந்த ஜோ ஆன் ராபின்சன், ஏறக்குறைய காலியாக இருந்த பேருந்தில் தெரியாமல் முன்பக்கம் உட்கார்ந்துவிட, ஓட்டுநர் அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு வந்ததில் அழுதபடியே இறங்கி ஓடினார். அடுத்த ஆண்டே அவர் பேரவையின் தலைவரானார்.

பள்ளிகளில் இனஒதுக்கல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நான்காம் நாள், 1954 மே 21 அன்று, ராபின்சன் நகர மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர் என்பதையும், அவர்கள் ஏறாவிட்டால் பேருந்துகள் ஓடவே முடியாது என்பதையும் மரியாதை குறையாத சொற்களில் சுட்டிக்காட்டி, புறக்கணிப்பைப் பற்றி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் பேசிக்கொண்டிருப்பதாக அதில் எச்சரித்தார். ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய கடிதம் அது.

கைதுச் செய்தி கிடைத்த அன்றிரவே ராபின்சன் கல்லூரிக்குப் போனார். உடன் பணிபுரிந்த ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணைக்கு வந்தார்கள். காகிதத்தை மிச்சப்படுத்த, ஒரே தாளில் மூன்று முறை அமையும்படி வாசகத்தைத் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பல்லாயிரம் பிரதிகள் எடுத்து, வெட்டி, கட்டுக் கட்டாகப் பிரித்து, எந்தக் கட்டு எந்தத் தெருவுக்கு என்று வழியும் வகுத்து முடித்தபோது விடிகாலை நான்கு மணி. எட்டு மணிக்கு வகுப்பு எடுத்துவிட்டு, காரில் பள்ளி பள்ளியாகவும் கடை கடையாகவும் கொண்டுபோய்ச் சேர்த்தார். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறவேண்டாம் என்ற அந்தத் துண்டறிக்கையில் யாருடைய கையொப்பமும் இல்லை, ஏனென்றால் அது மாநில அரசின் பணத்தில் நடக்கும் கல்லூரி. பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். 26 வயதுப் போதகரான மார்ட்டின் லூதர் கிங் போராட்டத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அந்தத் திங்கட்கிழமை பிற்பகலில்தான். அதற்குள் பேருந்துகள் வெறுமையாக ஓடத் தொடங்கியிருந்தன.

கேள்வி: 381 நாள் போராட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?
– வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: வெளியூர்களிலிருந்து நன்கொடைகள் வந்தன. ஆனால் உள்ளூரில் அடுப்படியிலிருந்து வந்த பணத்தைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையல்காரப் பெண், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பொரித்த கோழி வைத்த சாண்ட்விச், சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை, கேக் ஆகியவற்றைச் செய்து விற்றார். தம் குழுவுக்கு அவர் ‘எங்கிருந்தும் வராதவர்களின் மன்றம்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது துருவிக் கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று பொய்யில்லாமல் பதில் சொல்லிவிடலாம் அல்லவா. வாங்கியவர்களில் வெள்ளையரும் இருந்தார்கள். தேவாலயத்தில் நடக்கும் வாரக் கூட்டங்களில் கில்மோர் எழுந்து தொகையை அறிவிக்கும்போது அரங்கமே ஆர்ப்பரிக்கும். பேருந்தைப் புறக்கணித்தவர்களை ஏற்றிச் சென்ற கார்களுக்குப் பெட்ரோல் போட அந்தப் பணம் உதவியது. 1956-ல் கிங் மீதான வழக்கில், ஓட்டுநர் ஒருவர் தம்மை நடத்திய விதத்தை நீதிமன்றத்தில் சாட்சியாகச் சொன்னார் கில்மோர். அவருடைய வேலை பறிபோனது. பிறகு கிங் அளித்த உதவியோடு தம் வீட்டையே உணவகமாக்கிக்கொண்டார்.

கேள்வி: இனப் போராட்டத்தில் பெண்களுக்கு என்று தனிக் குரல் எதற்கு? பொதுவான விடுதலையில் அவர்களுக்கும் பங்கு இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: பங்கு தானாக வந்து சேரவில்லை, ஐயா. வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரை அடித்துக் கொல்வதை 1892 முதல் அம்பலப்படுத்திவந்த இதழாளர் ஐடா பி. வெல்ஸ், 1913-ல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணிக்கு வந்தபோது, கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கட்டும் என்றார்கள். அவர் மறுத்து, வழியில் தம் இல்லினாய்ஸ் மாநில அணியோடு போய்ச் சேர்ந்துகொண்டார். ஐம்பது ஆண்டு கழித்து அதே நகரில் கிங் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றிய பேரணியில், முதன்மைப் பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை; எதிர்ப்பு எழுந்த பிறகே பெண் போராளிகளுக்குச் சிறிய மரியாதை நிகழ்ச்சி ஒன்று சேர்க்கப்பட்டது.

சட்டமும் இதையே செய்தது. 1964-க்கு முன்பு கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்காதிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், எழுபதுகளில் ஆட்குறைப்பு செய்தபோது, பின்னால் வந்தவர்கள் முதலில் போகவேண்டும் என்று விதித்தது. ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில், நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது என்றும், இனப் பாகுபாட்டுக்கு வேறு வழக்கு இருக்கிறது என்றும், இரண்டையும் இணைத்துக் கேட்க இடமில்லை என்றும் 1976-ல் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. எடுக்கப்பட்ட பெண்கள் அலுவலக வேலைக்கு வந்த வெள்ளையர்கள். தொழிற்கூடத்தில் இருந்த கறுப்பினத்தவரோ ஆண்கள். இந்த வழக்கை 1989-ல் அலசிய சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, இரு ஒடுக்குமுறைகளும் சந்திக்கும் இடத்தில் நிற்பவளைச் சட்டத்தால் பார்க்கவே முடியவில்லை என்று நிறுவினார். தனிக் குரல் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் அறியேன்.

கேள்வி: ரோசா பார்க்ஸுக்கு முன்பே ஒரு சிறுமி கைதானாராமே?
– வாசகி, புதுச்சேரி

பதில்: ஆம், கிளாடெட் கால்வின். 1955 மார்ச் 2 அன்று, 15 வயதில் கைதானார். வயது குறைவு, ஏழைக் குடும்பம், பின்னர் கருவுற்றதும் சேர்ந்துகொள்ள, அவரை முன்னிறுத்தத் தலைவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. ஆனாலும் கண்ணியமானவள் என்று ஏற்கப்பட்டவளுக்கே நீதி கேட்கலாம் என்ற கணக்கு கொடுமையானது என்றே கருதுகிறேன். இருந்தும் பேருந்து ஒதுக்கலைச் சட்டத்தில் வீழ்த்திய வழக்கின் நான்கு வாதிகளுள் அவரும் ஒருவர், நால்வருமே பெண்கள். உங்கள் தலைவர் யார் என்று நகரத்தின் வழக்கறிஞர் மடக்கியபோது, நாங்களே எங்கள் தலைவர்கள் என்று கால்வின் சாட்சிக்கூண்டில் பதில் சொன்னார். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. சிறார் நீதிமன்ற ஏட்டில் அவர் மீது இருந்த குற்றப் பதிவு மட்டும் 2021-ல்தான் நீக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 82.