வறட்சியிலும் ஆற்றில் ஏன் தண்ணீர் விடுகிறார்கள்?

வணக்கம் அக்கா. உயர்நிலை 2 படிக்கும் உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி: மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் லிங்கியூ நீர்த்தேக்கமே வற்றும்போது, அதைத் திறந்து ஜொகூர் ஆற்றில் விடுவது வீண்தானே?

வீண் இல்லை. ஆற்றில் ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கடல் உள்ளே வந்துவிடும். உப்புத் தண்ணீர் கனம். மேலே நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அது அடியில் ஆப்பு மாதிரி நுழையும். உப்பு ஏறிவிட்டால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நம் சிங்கப்பூரின் சுத்திகரிப்பு ஆலை தண்ணீர் எடுக்க முடியாது. அப்புறம் ஜொகூருடன் செய்த 1962 தண்ணீர் ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம் என்று தாளில் இருந்து என்ன பயன்? உப்பை விரட்டத்தான் அந்த அணையே. 2016 அக்டோபரில் அதன் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியபோது எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைத்தது.

திட்ட வேலைக்கு ஒன்று செய்யலாம். நீளமான கண்ணாடிப் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, சிவப்புச் சாயம் கலந்த உப்புத் தண்ணீரை ஓரமாக மெல்ல விடச் சொல்லுங்கள். அடியில் சிவப்பு ஊர்ந்து போவது தெரியும். உப்பைத் தாராளமாகப் போடுங்கள். நான் முதல் தடவை கஞ்சத்தனம் பண்ணி, எல்லாம் கலந்து வெறும் ரோஸ் தண்ணீராகிவிட்டது.